அளவுகோலாகிவிட்ட ஒரு களைச்செடி

உலகில் மிக அதிகமாக ஆராயப்பட்ட செடி எது என்று கேட்டால் நெல் என்போம், கோதுமை என்போம். சிலர் மக்காச்சோளம் என்பார்கள். இவை எதுவும் இல்லை. அது ஒரு களை. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த, பல சமயம் ஒரு சாண்கூட வளராத, நான்கு சின்னஞ்சிறு வெள்ளை இதழ்கள் கொண்ட காட்டுச்செடி. அரபிடாப்சிஸ் தாலியானா என்பது அதன் தாவரவியல் பெயர். நான் வாழும் இங்கிலாந்தில் தேல் கிரெஸ் என்கிறார்கள். ஏப்ரல் மாதத்தில் நடைபாதைக் கற்களின் இடுக்கிலும் ரயில் பாதைச் சரளையிலும் பழைய மதில்களின் மேலும் பூத்து நிற்கும். யாரும் அதைப் பயிரிடுவதில்லை, விற்பதில்லை. நாம் தாளிக்கும் கடுகுக்கும், முட்டைக்கோசுக்கும், முள்ளங்கிக்கும் தூரத்துச் சொந்தம் என்பதைத் தவிர சமையலறையோடு அதற்கு உறவில்லை.

நான் தாவரவியல் படித்தவன் அல்லன். கணினித் துறையில் ஆலோசகன். நிறுவனங்களின் பழைய தரவுகளைப் புதிய அமைப்புகளுக்கு மாற்றிக் கொடுப்பது என் பிழைப்பு. முதுகலைப் படிப்புக்காக இந்த நாட்டுக்கு வந்த ஆண்டில், பக்கத்து அறை மாணவர் இந்தச் செடியில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்தார். அவர் வழியாக அறிமுகமான அரபிடாப்சிஸ் இருபது ஆண்டுகளாக என்னை விடவில்லை. அறிவியல் ஆர்வத்தைவிட ஓர் அறக்கேள்விதான் அதற்குக் காரணம். பலரில் ஒருவரை எடுத்து ‘இவரே அளவுகோல்’ என்று வைத்தால் மற்றவர்களுக்கு என்ன நேர்கிறது? அப்படி வைப்பது நியாயமா?

பெயரிலிருந்து தொடங்கலாம். 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைப்பகுதித் தாவரங்களைப் பற்றி எழுதிய யோஹன்னஸ் தால் என்ற மருத்துவரின் நினைவாக 1753இல் லின்னேயஸ் இச்செடிக்குத் தாலியானா என்று பெயரிட்டு, அராபிஸ் என்னும் பேரினத்தில் வைத்தார். 1842இல் ஹைன்ஹோல்ட் அதைப் பிரித்து அரபிடாப்சிஸ் என்ற தனிப் பேரினத்தில் சேர்த்தார். அச்சொல்லுக்கு ‘அராபிஸைப் போன்றது’ என்று பொருள். ஆக, பெயரே இன்னொன்றின் சாயலைச் சொல்வதுதான். பிறகு முகச்சாயல் பார்த்துப் பல இனங்களை இதே பேரினத்துக்குள் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1990களில் டி.என்.ஏ.வை ஒப்பிட்டுப் பார்த்தபோது அவற்றில் பெரும்பாலானவை உண்மையான உறவினரே அல்ல என்று தெரிந்தது. ஈராக்கில் பிறந்து அமெரிக்காவின் மிசௌரித் தாவரவியல் தோட்டத்தில் பணியாற்றிய இஹ்சான் அல்-ஷெபாஸும் ஸ்டீவ் ஓகேனும் பேரினத்தைத் திருத்தி அமைத்தார்கள். இன்று அதில் எஞ்சியிருப்பவை ஏறத்தாழ பத்து இனங்கள்.

ஆய்வகங்களில் வளரும் தாலியானா எங்கிருந்து வந்தது என்பது இன்னும் சுவையான கதை. ஃப்ரீட்ரிக் லைபாஹ் என்ற ஜெர்மானியர் 1907இலேயே இதன் குரோமோசோம்களை எண்ணியவர். 1943இல், மரபியல் ஆய்வுக்கு இதைவிட ஏற்ற செடி இல்லை என்று எழுதினார். ஐந்து இணைக் குரோமோசோம்கள் மட்டுமே, விதைத்து ஆறு முதல் எட்டு வாரங்களில் மீண்டும் விதை, ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கான விதைகள், தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் இயல்பு. எல்லாமே ஆய்வாளருக்கு வசதி. லைபாஹிடமிருந்து ‘லண்ட்ஸ்பெர்க்’ என்று குறிக்கப்பட்ட விதைகளைப் பெற்றவர் ஜார்ஜ் ரெடெய். ஹங்கேரியை விட்டு வெளியேறி 1957இல் மிசௌரிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர். அந்த விதைகளில் ஒரு பங்கைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தினார். கதிர்வீச்சுக்கு உட்படாத பங்கிலிருந்து நன்றாக வளர்ந்த ஒரு வரிசையைத் தேர்ந்தெடுத்து, தான் வேலை செய்த ஊரின் பெயரைச் சூட்டினார். அந்த ஊர் கொலம்பியா.

இன்று உலகெங்கும் ‘அரபிடாப்சிஸ்’ என்று சொன்னால் பெரும்பாலும் இந்தக் கொலம்பியாவைத்தான் சொல்கிறார்கள். ஆனால் கொலம்பியா நகரம் அதன் ஊர் அல்ல. வட அமெரிக்காவே இந்த இனத்தின் தாயகம் அல்ல. விதை வந்த லண்ட்ஸ்பெர்க் அப்போது ஜெர்மனியில் இருந்தது. 1945க்குப் பிறகு அது போலந்து, பெயரும் கோஷுஃப் வியெல்கோபோல்ஸ்கி என்று மாறிவிட்டது. போதாததற்கு, கொலம்பியாவும் லண்ட்ஸ்பெர்க்கும் மரபணுவில் பெரிதும் வேறுபட்டவை என்று பின்னாளில் தெரியவந்தது. அதாவது ரெடெய்க்கு வந்த பொட்டலத்திலேயே கலப்பு இருந்திருக்கிறது. நாடு மாறிய ஓர் ஊரிலிருந்து, கலந்த பொட்டலத்தில், புலம்பெயர்ந்த ஒருவரின் கைக்கு வந்து, வந்த ஊரின் பெயரைப் பெற்ற விதை. ‘சொந்த ஊர் எது?’ என்ற கேள்விக்கு நம்மில் பலரைப் போலவே அதுவும் சற்று நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட ஒன்றுதான் அளவுகோல் ஆனது. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் கொலம்பியாவின் மரபணுத் தொகுதி முழுவதும் வெளியிடப்பட்டது. ஒரு தாவரத்தின் முழுத் தொகுதி படிக்கப்பட்டது அதுவே முதல்முறை. அன்றிலிருந்து மற்ற அரபிடாப்சிஸ் செடிகள் எல்லாம் கொலம்பியாவிலிருந்து எந்த எந்த எழுத்தில் மாறுபடுகின்றன என்றே விவரிக்கப்பட்டன. கேப் வேர்டே தீவிலிருந்து வந்தது ஒரு மாறுபாடு. காஷ்மீரிலிருந்து வந்தது இன்னொரு மாறுபாடு. கொலம்பியா மட்டும் எதிலிருந்தும் மாறுபட்டதாகச் சொல்லப்படவில்லை.

ஆனால் அதே 2000ஆம் ஆண்டில் இன்னொரு செய்தியும் வந்தது. காட்டில் வளரும் பல அரபிடாப்சிஸ் செடிகள், குறிப்பாக சுவீடன் போன்ற வடநாடுகளில் உள்ளவை, இலையுதிர்காலத்தில் முளைத்து, தரையோடு ஒட்டிய இலைவட்டமாகப் பனிக்காலத்தைக் கழித்து, வசந்தத்தில்தான் பூக்கும். பல வாரக் குளிரை அனுபவிக்காமல் அவை பூக்கச் சம்மதிப்பதில்லை. இந்தக் காத்திருத்தலுக்குத் தேவையான ஒரு மரபணுவுக்கு ஃப்ரிஜிடா என்று பெயர். நாரிச் நகரின் ஜான் இன்னஸ் மையத்தில் கரோலின் டீன் தலைமையிலான குழு அந்த மரபணுவைக் கண்டெடுத்துப் பார்த்தபோது, கொலம்பியாவில் அது இயங்கவில்லை என்று தெரிந்தது. அதில் 16 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அதனால்தான் அது குளிருக்குக் காத்திராமல் சீக்கிரம் பூக்கிறது. சீக்கிரம் பூப்பதால்தான் ஆய்வகங்களுக்கு அது பிடித்தமானது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். கொலம்பியா ஊனமுற்ற செடி என்று நான் சொல்ல வரவில்லை. ஃப்ரிஜிடா செயலிழந்த செடிகள் இயற்கையிலேயே பல இடங்களில் தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. சில சூழல்களில் காத்திராமல் பூப்பதே பிழைக்கும் வழி. காத்திருப்பதும் ஒரு வாழ்வு, காத்திராமல் இருப்பதும் ஒரு வாழ்வு. இயற்கை இரண்டில் எதையும் ‘இயல்பு’ என்று முத்திரை குத்தவில்லை. முத்திரை நம்முடையது. நமக்கு வசதியாக இருந்ததால் ஒன்றைத் தேர்ந்தோம். தேர்ந்த காரணத்தை நாளடைவில் மறந்து, அதையே அந்த இனத்தின் இயல்பு என்று பேசத் தொடங்கினோம். சிக்கல் அளவுகோல் வைப்பதில் தொடங்கவில்லை. வைத்த காரணத்தை மறப்பதில் தொடங்குகிறது.

மறதியின் விளைவு என்னவென்பதை என் தொழிலில் கண்ணால் பார்க்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுச்சேவை அமைப்பின் பதிவேடுகளைப் புதிய கணினி அமைப்புக்கு மாற்றும் வேலை. புதிய அமைப்பில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள், இரண்டும் கட்டாயம். பொருந்தாத பதிவுகள் தனியே ‘பிழைகள்’ என்ற கோப்பில் விழும். அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஒற்றைப் பெயர் கொண்ட இந்தோனேசியர்கள், நம்மைப் போல் தலைப்பெழுத்தோடு எழுதும் தமிழர்கள், இரண்டாம் பெயரே இல்லாத முதியவர்கள். எல்லாப் பெயரும் சரியான பெயர்தான். தந்தையோ தாயோ ஆசையோடு வைத்த பெயர். பிழை என்று பெயரிடப்பட்ட கோப்பில் பிழையே இல்லை. கடைசியில் காலியாக இருந்த கட்டத்தில் ‘தெரியாது’ என்று நிரப்பும்படி மேலிடத்தில் முடிவாயிற்று. அமெரிக்க விசாவில் ஒற்றைப் பெயர்க்காரர்களுக்கு ‘எஃப்.என்.யு.’ என்று அச்சாகுமே, முதற்பெயர் அறியப்படவில்லை என்று, அதே கதைதான். பெயர் அறியப்பட்டுத்தான் இருக்கிறது. கட்டத்துக்குத்தான் அதை அறியத் தெரியவில்லை.

மரபணு ஆய்விலும் இதே போன்ற கோப்பு ஒன்று உண்டு. ஒரு செடியின் டி.என்.ஏ.வைச் சிறு சிறு துண்டுகளாகப் படித்து, ஒவ்வொரு துண்டும் கொலம்பியாவில் எங்கே பொருந்துகிறது என்று தேடுவார்கள். எங்குமே பொருந்தாத துண்டுகள் ஒதுக்கப்படும். அந்தச் செடிக்கே உரிய, கொலம்பியாவில் இல்லாத பகுதிகள் அவற்றில்தான் இருக்கும். மனிதருக்கும் இதேதான் நடந்தது. நீண்ட காலம் பயன்பட்டுவந்த மனித மரபணு மேற்கோள் தொகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காடு ஒரே மனிதரிடமிருந்து வந்தது. 2023இல்தான் 47 பேரின் தொகுதிகளைச் சேர்த்துக் கோத்த முதல் வரைவு வெளிவந்தது.

அப்படியானால் அளவுகோலே வேண்டாம் என்று விட்டுவிடலாமா? இந்த இடத்தில் நான் தரப்பாட்டின் பக்கம் நிற்பவன். யூனிகோட் பரவுவதற்கு முந்தைய காலத்தை நினைத்துப் பாருங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் பாமினி எழுத்துருவில் மின்னஞ்சல் அனுப்புவார். நம் கணினியில் ஆங்கில எழுத்துகள் கலைந்து கிடக்கும். சிங்கப்பூரிலிருந்து வருவது முரசில் இருக்கும், இணையக் குழுவில் டிஸ்கி. எழுத்துரு ஒன்றாக இல்லாததால் ஒரே மொழிக்காரர்கள் ஒருவரை ஒருவர் படிக்க முடியாமல் இருந்தோம். எல்லோரும் ஒரு குறியீட்டுக்கு ஒத்துக்கொண்ட பிறகே இந்த இதழ் போன்ற ஒன்று டொராண்டோவிலும் ஓஸ்லோவிலும் மெல்பர்னிலும் ஒரே நாளில் திறக்கிறது. கொலம்பியா என்ற ஒரே செடியை எல்லோரும் வளர்த்திராவிட்டால், ஒரு ஆய்வகத்தின் கண்டுபிடிப்பை இன்னொரு ஆய்வகம் சரிபார்த்திருக்க முடியாது. ஃப்ரிஜிடாவையே கண்டறிந்திருக்க முடியாது. கொலம்பியாவில் எது இல்லை என்பதும் ஒப்பிட ஒரு கொலம்பியா இருந்ததால்தான் தெரிந்தது.

எனவே கேள்வியைத் திருத்திக் கேட்க வேண்டும். அளவுகோல் வேண்டுமா என்பதல்ல, அளவுகோலுக்கு எந்த வேலையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பது. தெருவில் வீட்டு எண்கள் ஒரு முனையிலிருந்து தொடங்குகின்றன. முதல் எண் வீடு உயர்ந்த வீடு என்று யாரும் நினைப்பதில்லை. அது முகவரி, அவ்வளவுதான். முகவரியாக இருக்கும்வரை அளவுகோலில் அநியாயம் இல்லை. அது தகுதியாக மாறும்போது, ‘இதிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறாய்’ என்ற கேள்வி ‘எவ்வளவு குறைந்திருக்கிறாய்’ என்று ஒலிக்கத் தொடங்கும்போது, அநியாயம் உள்ளே வருகிறது. செடிக்கு இதில் வருத்தம் இல்லை. தன்னை மாறுபாடு என்று அழைத்தது அதற்குத் தெரியாது. மனிதருக்குத் தெரியும். குழந்தைகளுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

என் மகளின் தமிழை எடுத்துக்கொள்கிறேன். நாங்கள் நெல்லைப் பக்கம். அவள் சனிக்கிழமைதோறும் போகும் தமிழ் வகுப்பில் பெரும்பாலும் யாழ்ப்பாணக் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டில் கேட்பது ஒன்று, தோழிகளிடம் கேட்பது ஒன்று. ஆச்சியோடு தொலைபேசியில், “ஆச்சி, நான் இப்ப வெளிக்கிடுறன், பிறகு கதைக்கிறன்” என்பாள். அங்கிருந்து ஆச்சி, “ஏட்டி, என்ன பேசுத நீ? எந்த ஊர்ப் பேச்சு இது?” என்று சிரிப்பாள். அந்தச் சிரிப்பில் குறை சொல்வது இல்லை, பேத்தி பேசுகிறாளே என்ற பூரிப்புதான். ஆனால் சென்ற ஆண்டு ஒரு பேச்சுப் போட்டியில், “நான் பைய நடந்து போனன்” என்று அவள் சொன்னதற்கு மதிப்பெண் குறைந்தது. ‘வட்டார வழக்குக் கலப்பு’ என்று தாளில் எழுதியிருந்தார்கள். பைய என்பது எங்கள் வீட்டுச் சொல், போனன் என்பது தோழிகளின் சொல். வரும் வழியில் காரில் கேட்டாள், “அப்பா, அப்போ என் தமிழ் எந்த ஊர் தமிழ்?” அதன்பின் சில வாரங்கள் ஆச்சியோடு பேசும்போது ஆங்கிலத்துக்கு மாறிக்கொண்டாள். ஆங்கிலத்தில் யாரும் அவளுடைய ஊரைத் தேடுவதில்லை.

நடுவர்கள் கெட்டவர்கள் அல்லர். வார இறுதியில் தம் நேரத்தைச் செலவழித்து வந்தவர்கள். போட்டிக்கு ஒரு பொது அளவு வேண்டும் என்பதும் சரி. ஆனால் அந்த அளவு எங்கிருந்து வந்தது? நாம் இன்று பொதுத்தமிழ் என்று சொல்வது அச்சகமும் பாடநூலும் வானொலியும் செய்தித்தாளும் தங்கள் வசதிக்காகச் சேர்ந்து செய்துகொண்ட ஒரு தேர்வு. நல்ல தேர்வுதான், பயனுள்ள தேர்வு. ஆயினும் அதிலும் சில மரபணுக்கள் இயங்காமல் இருக்கின்றன. பைய என்ற சொல் குறளில் உண்டு. பொதுத்தமிழ் அதை விட்டுவிட்டது, தாமிரபரணிக்கரை வைத்துக்கொண்டது. விலகியவர் யார், வைத்திருப்பவர் யார் என்பது அளவுகோலை எங்கே ஊன்றுகிறோம் என்பதைப் பொறுத்தது.

நம் இலக்கணம் இதை முன்பே யோசித்திருக்கிறது. தொல்காப்பியம் சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்காகப் பிரிக்கிறது. செந்தமிழ் நிலத்தைச் சூழ்ந்த பன்னிரண்டு நிலங்களின் சொற்கள் திசைச்சொற்கள். இந்த நான்குமே செய்யுள் செய்வதற்குரிய சொற்கள் என்றுதான் அது சொல்கிறது. அங்கும் ஒரு மையம் உண்டு, சுற்றுப்புறம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் சுற்றுப்புறத்துச் சொல்லுக்குப் பிழை என்ற பெயர் இல்லை. அது வந்த திசையின் பெயர்தான் இருக்கிறது. முகவரியையும் தகுதியையும் குழப்பாத அளவுகோலுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு, அது வலுவானதும்கூட. எல்லா மாறுபாட்டையும் ஏற்றுக்கொண்டால் கற்பிப்பது எதற்கு? குழந்தை ‘அவன் வந்தது’ என்று சொன்னால் அதுவும் ஒரு வழக்கா? இல்லை. ஒரு சமூகம் தமக்குள் புரிந்து, தலைமுறையாகப் பேசிவரும் வடிவம் வேறு, இன்னும் கற்றுமுடியாத நிலை வேறு. ஆசிரியரின் திறமையே இந்த இரண்டையும் பிரித்தறிவதில் இருக்கிறது. அளவுகோலை மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு இரண்டும் ஒரே விலகலாகத் தெரியும். பொருந்தாத துண்டுகளில் அழுக்கும் உண்டு, அரிய பகுதியும் உண்டு. ஒதுக்குவதற்கு முன் திறந்து பார்ப்பது என்பதைத்தான் நான் கேட்கிறேன். அதற்கு நேரம் பிடிக்கும், உழைப்பு வேண்டும். நியாயத்துக்கு அந்தச் செலவு உண்டு.

திறந்து பார்த்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2016இல் 1,135 அரபிடாப்சிஸ் செடிகளின் தொகுதிகள் ஒன்றாக வெளிவந்தன. பெரும்பாலானவை ஐரோப்பா, ஆசியாவைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டு ஆப்பிரிக்காவிலிருந்து, பழைய உலர்தாவரச் சேகரிப்புகளையும் சேர்த்து, 78 செடிகள் படிக்கப்பட்டன. அவை பின்னாளில் வந்து சேர்ந்தவை அல்ல, அந்தக் கண்டத்துக்கே உரியவை என்று தெரிந்தது. இனத்தின் மிகுந்த பன்மையும் மிக ஆழமான வரலாறும் ஆப்பிரிக்காவில்தான் இருந்தன. ஓரம் என்று நினைத்த இடத்தில் தொன்மை இருந்தது.

இதே பேரினத்தில் அரபிடாப்சிஸ் சுவேசிகா என்று ஓர் இனம் உண்டு. சுவீடன், பின்லாந்துப் பகுதிகளில் வளர்வது. தாலியானாவும் அரினோசா என்ற இன்னொரு இனமும் கலந்து உருவானது. தாலியானாவின் 10 குரோமோசோம்களும் அரினோசாவிலிருந்து வந்த 16உம் சேர்ந்து இதற்கு 26. தாலியானாவை அளவுகோலாக வைத்தால் இதில் 16 மிகை. அரினோசாவை வைத்தால் 10 மிகை. இரண்டு கணக்கிலும் அது தவறாகத்தான் தெரியும். தாவரவியலாளர்கள் அதற்குத் தனிப்பெயர் கொடுத்து, தனி இனமாகவே எண்ணினார்கள். அது தன் விதையைத் தானே உண்டாக்கித் தன் இடத்தில் பல்லாயிரம் ஆண்டுகளாக வாழ்கிறது. இங்கே பிறந்த நம் பிள்ளைகளைப் பாதித் தமிழர் என்றும் பாதி ஆங்கிலேயர் என்றும் நாம் கழித்தல் கணக்குப் போடும்போது எனக்கு இந்தச் செடி நினைவுக்கு வரும். கழித்தலில் வராத ஒரு முழுமை கூட்டலில் வந்துவிடுகிறது.

நாட்டிங்ஹம் பல்கலைக்கழகத்தில் அரபிடாப்சிஸ் விதைகளுக்கென்று ஒரு காப்பகம் இருக்கிறது. இலட்சக்கணக்கான விதை வரிசைகள், ஒவ்வொன்றும் தன் பெயரோடு. இயற்கையிலிருந்து திரட்டியவற்றில் அவை எடுக்கப்பட்ட இடத்தின் பெயரும் இருக்கும். உலகின் எந்த ஆய்வகமும் கேட்டால் அனுப்புவார்கள். கொலம்பியாவும் அங்கே இருக்கிறது. அளவுகோல் என்பதற்காக அதற்குத் தனி அறை இல்லை, மற்றவற்றைப் போல அதற்கும் ஓர் எண், ஓர் உறை. நம் தமிழ்ப் பள்ளிகளின் சொற்பட்டியல்களையும் இப்படி வைத்துக்கொள்ள முடியும் என்றே நினைக்கிறேன். கிளம்புவதற்குப் பக்கத்தில் வெளிக்கிடுவது, மெல்ல என்பதற்குப் பக்கத்தில் பைய, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது வந்த ஊர். தேர்வில் எதை எழுத வேண்டும் என்பதையும் சொல்லிக் கொடுக்கலாம், அது தேர்வுக்கான ஒப்பந்தம் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். எங்கள் வகுப்பு ஆசிரியையிடம் இதைச் சொன்னபோது அவர், “நல்ல விசயம்தான், ஆனா ஆர் எழுதுறது?” என்று கேட்டார். இந்தக் கோடை விடுமுறையில் பெற்றோர்கள் சிலர் உட்கார்ந்து தொடங்கியிருக்கிறோம். இதுவரை முந்நூறு சொற்கள் சேர்ந்திருக்கின்றன.